அத்தியாயம் 4: மானிட்டருக்குப் பேனல் தேர்ந்தெடுப்பது

மானிட்டர் பெட்டியில் அங்குலமும் ஹெர்ட்ஸும் கொட்டை எழுத்தில் இருக்கும். பேனல் எந்த வகை என்பது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் அதுவும் இருக்காது. நீங்கள் வருடக்கணக்கில் தினமும் பல மணி நேரம் பார்க்கப்போவது அந்தப் பேனலைத்தான். கண்ணுக்குச் சுகம், நிறத்தின் நேர்மை, இருட்டுக் காட்சியின் தெளிவு எல்லாமே பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. பேனலை முதலில் முடிவு செய்யுங்கள். அளவும் பிராண்டும் அதற்குப் பிறகு.

இந்த அத்தியாயத்தில் தருவது ஒரு வரிசை: முதலில் உங்கள் அறை, பிறகு உங்கள் வேலை, பிறகு பேனல் வகை, கடைசியாகக் கடையில் சோதனை. வரிசையை மாற்றினால் தள்ளுபடிதான் உங்களுக்காக முடிவெடுக்கும்.

கடைக்குப் போகும் முன்

1. மானிட்டர் வைக்கப்போகும் மேசையில் பகல் 11 மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் எந்தப் பக்கம்? வெயில் நேராகத் திரையில் விழுமா, முதுகுக்குப் பின்னால் இருந்து வருமா? நம் ஊர்ப் பகல் வெளிச்சம் எந்தப் பேனலின் கருப்பையும் வெளுக்கச் செய்யும்.

2. அதே இடத்தில் இரவில் விளக்கு எப்படி இருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். டியூப் லைட் எரியும் அறையில் வேலை செய்பவருக்கும், விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கும் பொருத்தமான பேனல் வேறு வேறு.

3. ஒரு வாரத்தில் அந்தத் திரையில் என்னென்ன செய்வீர்கள் என்று எழுதி, எது அதிக நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். வாரம் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு ஞாயிறு மட்டும் விளையாடுபவர் கேமிங் மானிட்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

4. கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். சாதாரண மேசையில் அது 50 முதல் 70 சென்டிமீட்டர் இருக்கும்.

5. ஒரு பென்டிரைவில் இவற்றை ஏற்றிக்கொள்ளுங்கள்: முழுக் கருப்பு, முழு வெள்ளை, நடுத்தரச் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒற்றை நிறப் படங்கள், மனித முகம் உள்ள நல்ல புகைப்படம் ஒன்று, இரவுக் காட்சி உள்ள வீடியோ, பொடி எழுத்தில் அடித்த ஒரு பக்கத் தமிழ் ஆவணம். கடைசியில் சொன்னதை மறந்துவிடாதீர்கள். ஏன் என்பது சோதனைப் பகுதியில் வரும்.

நான்கு வகைகள்

கடையில் இன்று கிடைப்பவை டிஎன், ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி. முதல் மூன்றும் எல்சிடி குடும்பம். பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும். முன்னால் உள்ள திரவப் படிகங்கள் ஜன்னல் கதவு போலத் திறந்து மூடி வெளிச்சத்தை விடும், தடுக்கும். எவ்வளவு இறுக மூடினாலும் கொஞ்சம் கசியும். அதனால் எல்சிடியில் முழுக் கருப்பு கிடையாது. ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், தானே அணையும். கோட்பாடு இவ்வளவு போதும்.

*டிஎன்.* பழையது, மலிவானது, வேகமானது. கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும், பக்கத்திலிருந்து பார்த்தால் மஞ்சளாகும். ஒரே விலையில் ஐபிஎஸ் கிடைக்கும் காலத்தில் புதிதாக டிஎன் வாங்கக் காரணம் ஏதும் இல்லை. யாராவது இலவசமாகக் கொடுத்தால் பில் போடும் மேசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

*ஐபிஎஸ்.* 1996இல் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த முறை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. எழுத்து தெளிவாக இருக்கும். பலவீனம் கருப்பு. சாதாரண ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள ஒளி விகிதம், ஏறக்குறைய 1000:1. வெள்ளையை 250 நிட்ஸில் (நிட்ஸ் என்பது பிரகாச அளவு) வைத்தால் கருப்பு என்று சொல்லும் இடமும் 0.25 நிட்ஸ் ஒளிரும். டியூப் லைட் வெளிச்சத்தில் இது தெரியவே தெரியாது. இருட்டறையில் கருப்பு சாம்பலாகத் தெரியும். மூலைகளில் ஒரு மங்கிய வெளுப்பும் சேர்ந்துகொள்ளும். இப்போது ‘ஐபிஎஸ் பிளாக்’ என்ற பெயரில் 2000:1 அளவுள்ள பேனல்களும் வருகின்றன. விலை கூடுதல், வேறுபாடு உண்மையானது.

பெயர்க் குழப்பம் ஒன்றைக் கவனியுங்கள். சாம்சங்கின் பிஎல்எஸ், பிஓஇ நிறுவனத்தின் ஏடிஎஸ், ஏயுஓ நிறுவனத்தின் ஏஎச்விஏ ஆகிய மூன்றும் ஐபிஎஸ் வகையைச் சேர்ந்தவைதான். ஏஎச்விஏ என்ற பெயரில் ‘விஏ’ இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அதே நிறுவனத்தின் ஏஎம்விஏ என்பதுதான் விஏ பேனல்.

*விஏ.* இருட்டறைக்காரர்களின் எல்சிடி. கான்ட்ராஸ்ட் பொதுவாக 3000:1 அளவில் இருக்கும். அதே 250 நிட்ஸ் வெள்ளைக்குக் கருப்பு 0.08 நிட்ஸ்தான். இரவுக் காட்சிகளில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏ. இதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பக்கவாட்டில் நகர்ந்தால் இருண்ட நிறங்கள் வெளுக்கும். பெரிய திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தால், நீங்கள் நகராமலேயே ஓரங்கள் வேறு மாதிரித் தெரியும். இரண்டாவது குறைதான் பலரைத் தொந்தரவு செய்வது: கருப்பிலிருந்து சாம்பலுக்கு மாற இதன் பிக்சல்கள் தாமதிக்கும். கருப்புப் பின்னணியில் எதையாவது நகர்த்தினால் பின்னால் ஒரு கரிய இழுப்பு வரும். விலை உயர்ந்த சில விஏ பேனல்களில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. மலிவானவற்றில் இல்லை.

*ஓஎல்இடி.* கருப்பு என்றால் கருப்பு. பிக்சல் நிறம் மாறும் வேகத்தில் எல்சிடி பக்கத்தில்கூட வர முடியாது. இருட்டறையில் ஒருமுறை பார்த்தவருக்கு மற்றவை வெளிறித் தெரியும். இருந்தும் இதை எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. விலையை விட்டுவிட்டாலும் வேறு நான்கு காரணங்கள் இருக்கின்றன.

நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் படம் காலப்போக்கில் தடம் பதிக்கும். டாஸ்க்பார், பில்லிங் மென்பொருளின் மேல்பட்டை, பங்குச் சந்தை அட்டவணை போன்றவை நாள் முழுக்க அசையாமல் நின்றால் அந்த இடத்துப் பிக்சல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும்.

திரை முழுக்க வெள்ளையாக இருந்தால் பிரகாசத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எக்செல் தாளைப் பெரிதாக்கினால் மங்குவதும், சிறிதாக்கினால் பளிச்சிடுவதும் இதனால்தான்.

பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் அடுக்கப்பட்ட விதம் வழக்கமான எல்சிடியைப்போல இல்லாததால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக் கரை தெரியலாம். அடர்த்தி கூடிய புதிய பேனல்களில் இது குறைந்துவருகிறது.

நான்காவது காரணம் வெயில் அறைக்காரர்களுக்கு. 2022 முதல் மானிட்டர்களில் வரும் க்யூடி-ஓஎல்இடி பேனலில், வெளி வெளிச்சத்தை விழுங்கும் போலரைசர் படலம் கிடையாது. அறையில் வெளிச்சம் அதிகமானால் அதன் கருப்பு சாம்பலாகத் தெரியும், சிலவற்றில் லேசான ஊதாவும் தட்டும். பகலில் ஜன்னல் எதிரே உட்கார்பவர் அந்தக் கருப்புக்காகவே அதிகப் பணம் கொடுத்துவிட்டு, கருப்பைக் காணாமல் திண்டாடுவார்.

விவரச்சீட்டில் ஏமாறும் இடங்கள்

*‘எல்இடி மானிட்டர்.’* இது பேனல் வகை இல்லை. பின்விளக்கு எல்இடி என்றுதான் பொருள். க்யூஎல்இடியும் எல்சிடிதான், நிறத்தைச் செறிவாக்கும் ஒரு படலம் சேர்ந்திருக்கும். எழுத்துக்கூட்டி ‘ஓஎல்இடி’ என்று இருந்தால் மட்டுமே ஓஎல்இடி.

*‘178 டிகிரி பார்வைக் கோணம்.’* ஐபிஎஸ், விஏ இரண்டிலும் இதே எண் இருக்கும். கான்ட்ராஸ்ட் 10:1 ஆகச் சரியும் வரை தள்ளித்தள்ளி அளந்த கோணம் இது. 10:1 என்பது கண்ணால் பார்க்கவே சகிக்காத நிலை. இந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

*‘1 எம்எஸ்.’* பின்னால் எம்பிஆர்டி என்று இருந்தால் அது பிக்சலின் வேகம் இல்லை. பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்து மங்கலைக் குறைக்கும் வித்தை. அப்போது திரையும் இருண்டுபோகும். ஜிடிஜி என்று இருந்தால் பிக்சல் வேகம். அதுவும் பிக்சலை வேகப்படுத்தும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்த எண்ணாக இருக்கலாம். அந்த நிலையில் நகரும் பொருளுக்குப் பின்னால் வெள்ளை நிழல் தோன்றும். ஒரு கணக்கு உதவும்: 144 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகம் நிற்கும் நேரம் ஏறக்குறைய 7 மில்லி விநாடி. பிக்சல் நிறம் மாற 20 மில்லி விநாடி எடுத்தால் அந்த 144 ஹெர்ட்ஸுக்குக் கொடுத்த பணம் வீண்.

*‘எச்டிஆர் 400.’* எல்சிடி மானிட்டரில் இந்த முத்திரை இருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாமலேயே இந்த முத்திரையை வாங்கிவிடலாம். அந்த வசதி இல்லாத திரையில் எச்டிஆர் போட்டால் படம் வெளுத்துத்தான் தெரியும்.

*நிற அளவு.* ‘100% எஸ்ஆர்ஜிபி’ அல்லது அதற்கு அருகில் இருக்கட்டும். ‘72% என்டிஎஸ்சி’ என்று இருந்தால் ஏறத்தாழ அதே பரப்பு. ‘45% என்டிஎஸ்சி’ என்றால் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், தவிர்த்துவிடுங்கள்.

*அங்குலமும் பிக்சலும்.* 24 அங்குலத்தில் ஃபுல் எச்டி ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல் தரும். அதே ஃபுல் எச்டியை 27 அங்குலத்தில் விரித்தால் 82தான். அங்கே எழுத்து உடைந்து தெரியும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 1440பி எடுங்கள், 109 கிடைக்கும். எவ்வளவு நல்ல பேனலாக இருந்தாலும் பிக்சல் அடர்த்தி குறைவதை ஈடுகட்ட முடியாது.

கடையில் செய்யும் சோதனை

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டத் தயங்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் சோதிக்க அனுமதி கேளுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள்.

1. மானிட்டர் மெனுவில் ‘ரீசெட்’ கொடுத்து, ‘ஸ்டாண்டர்டு’ அல்லது ‘எஸ்ஆர்ஜிபி’ நிலைக்கு மாற்றுங்கள். காட்சிக்கு வைக்கும் திரைகளில் பிரகாசத்தையும் நிறத்தையும் உச்சத்தில் ஏற்றியிருப்பார்கள். அப்படியே பார்த்தால் மோசமான பேனல்கூடக் கண்ணைப் பறிக்கும்.

2. முகப் படத்தைத் திறந்து நேராகப் பாருங்கள். பிறகு குனிந்து கீழிருந்து பாருங்கள். நிறம் தலைகீழானால் அது டிஎன், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. இரு பக்கமும் நகர்ந்து பாருங்கள். தலைமுடியின் கருமை வெளுத்து, முகம் மட்டும் ஓரளவு அப்படியே இருந்தால் விஏ. பெரிதாக எதுவும் மாறாவிட்டால் ஐபிஎஸ் அல்லது ஓஎல்இடி.

3. முழுக் கருப்புப் படத்தைப் போடுங்கள். அந்தப் பகுதி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரு கைகளையும் குவித்துத் திரையின் ஒரு மூலையில் வைத்து, அந்த இடைவெளி வழியே பாருங்கள். ஐபிஎஸ்ஸில் மூலை வெளுப்பது இயல்பு. நீங்கள் தலையை நகர்த்தினால் அதுவும் இடம் மாறும். தலையை நகர்த்தியும் ஓரத்தில் அதே இடத்தில் ஒளித் திட்டு நின்றால் அது பின்னொளிக் கசிவு. அந்தத் துண்டு வேண்டாம், அதே மாடலில் வேறு கேளுங்கள்.

4. சாம்பல் படத்தில் அழுக்குத் திட்டுகள், செங்குத்துப் பட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளையில் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறு பக்கம் நீலமாகவும் இருக்கிறதா? சிவப்பு, பச்சை, நீலத்தில் செத்த பிக்சல் உண்டா? செத்த பிக்சல் எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பணம் கொடுக்கும் முன் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

5. தமிழ் ஆவணத்தை 100% அளவில் திறங்கள். இந்தச் சோதனையை ஆங்கில எழுத்தால் செய்ய முடியாது. ‘ர’வையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டும் அந்தச் சிறு சாய்வு தெரிகிறதா? ‘ண’வின் சுழிகளை எண்ண முடிகிறதா? மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்கிறதா, எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறதா? பிழை திருத்துபவர், தட்டச்சு செய்பவர், பாடம் தயாரிக்கும் ஆசிரியர் ஆகியோருக்கு மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதுதான் முக்கியம். ஓஎல்இடியில் புள்ளியைச் சுற்றிப் பச்சையோ இளஞ்சிவப்போ கரை கட்டுகிறதா என்றும் பாருங்கள். ஐந்து நிமிடம் நிதானமாக வாசித்த பிறகும் உறுத்தவில்லை என்றால் எடுக்கலாம்.

6. அதே ஆவணத்தைக் கரும் பின்னணிக்கு மாற்றி வேகமாக உருட்டுங்கள். விஏவின் கரிய இழுப்பு இங்கே வெளியே வந்துவிடும்.

7. பிரகாசத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, கைப்பேசிக் கேமராவை ப்ரோ நிலையில் வைத்து, ஷட்டரை 1/2000 அளவுக்கு உயர்த்தித் திரையைப் பாருங்கள். அடர்ந்த கரும் பட்டைகள் ஓடினால் பின்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. பலருக்கு இது தெரியாது. தலைவலிக்கு ஆளாகும் சிலருக்கு இது தாங்காது. ஓஎல்இடியில் மெல்லிய கோடு ஒன்று ஓடுவது இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

குறிப்பு: பழைய மானிட்டர் வாங்கினால் சாம்பல் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். ஓஎல்இடியில் டாஸ்க்பார் தடம் நடுத்தரச் சாம்பலில்தான் முதலில் தெரியும். மிகப் பழைய எல்சிடியில் பின்விளக்கு குழல் வகையாக இருக்கலாம். அதில் பாதரசம் உண்டு. உடைந்தால் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

எந்த வேலைக்கு எது

அலுவலகம், படிப்பு, நிரல் எழுதுவது, பகல் வெளிச்சத்தில் எழுத்து வேலை: ஐபிஎஸ். யோசிக்கவே வேண்டாம். 24 அங்குலம் ஃபுல் எச்டி அல்லது 27 அங்குலம் 1440பி.

புகைப்படம், ஆல்பம் வடிவமைப்பு: எஸ்ஆர்ஜிபி நிலை தனியாக உள்ள ஐபிஎஸ். அந்த நிலை இல்லாமல் நிறப் பரப்பு மட்டும் அகலமாக இருந்தால் மணமக்கள் முகம் திரையில் சிவந்து தெரியும். அதைப் பார்த்து நீங்கள் நிறத்தைக் குறைத்தால் அச்சில் வெளிறிப்போகும். அச்சுக்குத் தயார் செய்யும்போது பிரகாசத்தை 100 நிட்ஸ் அருகில் வையுங்கள்.

இருட்டறையில் படம், கதை சார்ந்த விளையாட்டு, நடுத்தரப் பட்ஜெட்: விஏ. மற்றவர்களோடு சேர்ந்து பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் மீண்டும் ஐபிஎஸ்.

வேகமான போட்டி விளையாட்டு: பிக்சல் வேகமாக நிறம் மாறும் ஐபிஎஸ். பணம் இருந்து, அறையில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடிந்தால் ஓஎல்இடி.

கண்காணிப்புக் கேமரா, பில்லிங், நாள் முழுக்க ஒரே படம் நிற்கும் எந்த வேலைக்கும் ஓஎல்இடி கூடாது.

வீட்டுக்கு வந்த பின்

1. பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்து முடிவுவரை வீடியோ எடுங்கள். பேனல் விரிசல் பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேராது. வரும்போதே இருந்தது என்று காட்ட இதுவே சாட்சி.

2. திரையின் முகத்தில் விரலை ஊன்றித் தூக்காதீர்கள். சட்டத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள். 32 அங்குலமும் அதற்கு மேலும் இரண்டு பேர் தூக்குங்கள். பேனல் நுரைப்பொதியில் இருக்கும்போதே காலை மாட்டிவிடுங்கள். வளைந்த திரையை ஒருபோதும் தட்டையான மேசையில் கவிழ்க்காதீர்கள். ஓரத்தில் எடை விழுந்து விரிசல் விடும்.

3. எர்த் உள்ள மூன்று முள் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். உலோக உடலைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கி, மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மானிட்டர் பழுதானால் பின்மூடியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

4. கூடவே வந்த கேபிளைப் பயன்படுத்துங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிளில் 4கே திரை 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடலாம்.

5. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வழியில் போய் ஹெர்ட்ஸை மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, வருடக்கணக்கில் 60இலேயே ஓட்டுபவர்கள் நிறைய. பிறகு ‘க்ளியர்டைப்’ என்று தேடி எழுத்தைச் சீராக்குங்கள்.

6. பகலில் திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத் தெரியும் வரை குறையுங்கள். இரவில் இன்னும் குறையுங்கள்.

7. துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கறை இருந்தால் துணியை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். திரைமேல் நேராகத் தெளித்தால் நீர் வழிந்து கீழ் ஓரத்தின் வழியாக உள்ளே போகும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் மேற்பூச்சை அரிக்கும்.

8. ஓஎல்இடி வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் வீடுகளில் இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பது வழக்கம். ஓஎல்இடி மானிட்டர் தன் பிக்சல்களைச் சரிசெய்துகொள்வது ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான். மானிட்டரின் பொத்தானை அணைத்த உடனே சுவரிலும் அணைத்தால் அந்த வேலை நடக்காமலே போகும். சரிசெய்யும் சுழற்சி முடியும் வரை விட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் என்பது கையேட்டில் இருக்கும். டாஸ்க்பாரைத் தானாக மறையச் செய்யுங்கள், வெற்றுக் கருப்பைப் பின்னணியாக வையுங்கள், ஐந்து நிமிடம் கை படாவிட்டால் திரை அணையுமாறு அமைத்துவிடுங்கள்.

9. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடையில் செய்த 3, 4, 5ஆம் சோதனைகளை இரவில், உங்கள் அறை விளக்கில், மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். உங்கள் கைக்கு வந்தது கடையில் பார்த்த அதே துண்டாக இல்லாமல் இருக்கலாம். ஒரே மாடலில்கூட ஒளிக் கசிவு துண்டுக்குத் துண்டு மாறும். குறை தெரிந்தால் படம் எடுத்து, பில்லோடு அன்றே கடைக்கு அனுப்புங்கள்.